தே தாரேக் குடித்துவிட்ட இரும்பு

பிரிக்ஃபீல்ட்ஸில் பகல் ஒரு மணிக்கு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைப்பது பெரும்பாடு. போன மாதம் அப்படி ஒரு கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை. சோறு, பருப்பு, கீரைக் கூட்டு, பாகற்காய் வறுவல், கடைசியில் ரசம். ஆற அமரச் சாப்பிட்டு இலையை மூடினாள். உடனே நுரை ததும்ப ஒரு தே தாரேக் வந்தது. கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து சிவப்பு மாத்திரை ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, அந்தச் சூட்டோடு தேநீரை விட்டு விழுங்கினாள்.

அது இரும்புச்சத்து மாத்திரை. எனக்கு அந்த அட்டை நன்றாகத் தெரியும். "அம்மா, வேண்டாம்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. முன்பின் தெரியாதவளிடம் எப்படிச் சொல்வது? தவிர, நானே மூன்று மாதம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

என் கதை சின்னதுதான். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் தோசை, தேநீர், மாத்திரை. ஒரு நாள்கூடத் தவறவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 9.3. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத்திரையை எதோட சாப்பிடுறீங்க?"

"பசியாறும்போதுதான் டாக்டர். தேயோட."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப மாத்திரையை நீங்க சாப்பிடலை. தே சாப்பிட்டிருக்கு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. படித்ததில் பாதியாவது உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரத்தச் சோகை என்று மருத்துவர்கள் எழுதுவதை நம் வீடுகளில் 'ரத்தம் கம்மி' என்போம். உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு பெரும்பாலும் குறைந்திருக்காது. அதிலுள்ள ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றி உடம்பெங்கும் கொண்டுபோய் இறக்கும் புரதம் அது. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் தொற்றிக்கொள்வது அந்த இரும்பில்தான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் கீழே போனால் ரத்தச் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 21.3 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை மட்டும் எடுத்தால் 29.9. பத்துப் பெண்களில் மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் உங்கள் வரிசையை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இரும்பின் வரவு செலவு விசித்திரமானது. வளர்ந்த உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்பு. ஓர் ஆணிக்குக் காணும். சிவப்பணு 120 நாள் உழைத்துவிட்டு இறக்கும். அதிலிருக்கும் இரும்பை உடம்பு பொறுக்கியெடுத்து அடுத்த அணுவுக்குக் கொடுக்கும். இப்படித் தினமும் 20, 25 மில்லிகிராம் சுற்றி வருகிறது. உணவிலிருந்து புதிதாகச் சேர வேண்டியது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். பழைய நகையை உருக்கிப் புது நகை செய்யும் ஆசாரிக்குச் சேதாரத்துக்கு மட்டும் கொஞ்சம் தங்கம் வாங்கிக் கொடுப்பது மாதிரி. இரும்பு மிஞ்சினால் வெளியே தள்ள உடம்பில் தனி வழியே கிடையாது. அதனால் வாசலில் காவல் பலமாக இருக்கும். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் அந்தக் காவலாளி. இந்த நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இரும்பு அதிகமாகப் போவது ரத்தத்தோடுதான். ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகும். மாதவிலக்கில் 40 மில்லி போகும் பெண்ணுக்கு 20 மில்லிகிராம் நஷ்டம். 80 மில்லிக்கு மேல் போனால் அதை அதிகப்போக்கு என்கிறார்கள். இதை எந்தப் பெண் அளந்து பார்க்கிறாள்? "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டே போய்விடுகிறோம். ஒரு பிள்ளைப்பேறு முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. ஒன்றரை வயது இடைவெளியில் இரண்டு பிள்ளை பெற்றவளின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஹீமோகுளோபின் குறைவதற்கு வெகு முன்பே சேமிப்பு கரைந்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அந்தச் சேமிப்பைச் சொல்லும் எண்ணுக்கு ஃபெரிட்டின் என்று பெயர். ஹீமோகுளோபின் கையிலிருக்கும் காசு. ஃபெரிட்டின் வங்கிப் புத்தகம். கையில் காசு புழங்கும்வரை வங்கி காலியானது வெளியே தெரியாது. எல்ஆர்டி படிக்கட்டில் பாதியில் மூச்சு வாங்கும், முடி கொட்டும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். தே ஓ ஐஸ் தீர்ந்த பிறகு கண்ணாடிக் குவளையிலிருக்கும் ஐஸ் கட்டியை ஒன்று விடாமல் கடித்துத் தின்னத் தோன்றும். சிரிக்காதீர்கள், இது மருத்துவ நூல்களில் உள்ள அறிகுறி. சாம்பலையும் பச்சரிசியையும் அள்ளித் தின்ற கர்ப்பிணிகளை 'மசக்கை' என்று சொல்லி விட்டுவிட்டோம். அவர்களில் பலர் இரும்புக்கு ஏங்கிய உடம்பைச் சுமந்தவர்கள்.

என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சோர்ந்து படுத்த பிள்ளையைப் பார்த்தால் முதலில் கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். உட்புறம் சிவப்பாக இருந்தால் "பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருக்க நடிக்குது." வெளுத்திருந்தால் "சோகை." லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பரிசோதனை தெரியும். தெரியாமல் இருக்க முடியாத அளவுக்கு அது அங்கே மலிந்து கிடந்தது.

கிள்ளானின் பழைய கதையை எடுத்தால் ரத்தச் சோகையில்தான் போய் நிற்கும். 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த சில வாரங்களிலேயே வேலையாட்கள் காய்ச்சலில் சாய, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், கால்வாய் ஓட்டினார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலில் இறந்தவர்கள் 1901-இல் 368 பேர். அடுத்த ஆண்டு 59. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறி, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காய்ச்சலில் சாகாமல் பிழைத்தவர்கள் வெளுத்த முகத்தோடு மறுபடி மரம் வெட்டப் போனார்கள்.

காலடியில் இன்னொரு திருடன் இருந்தான். கொக்கிப்புழு. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். அதில் ஒரு வகைப் புழு நாளுக்கு ஏறக்குறைய 0.15 மில்லி குடிக்கும். சிறிய வகை 0.03 மில்லி. ஒரு புழுவென்றால் பாதகமில்லை. நூறு இருந்தால்? தோட்டத் தொழிலாளிக்குச் செருப்பு இல்லை, லயத்துக்குக் கக்கூஸ் இல்லை. 1915-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு குழுவை மலாயாவுக்கு அனுப்பியது. பனாமா கால்வாயில் வேலை செய்துவிட்டு வந்த சாமுவேல் டார்லிங் அதன் தலைவர். தொழிலாளர் ரத்தத்தை அரிப்பதில் மலேரியாவின் பங்கு எவ்வளவு, புழுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால், "இதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து ஆள் வரணுமா?" என்று கேட்டிருப்பார். ஆனால் அது முக்கியமான கேள்வி. ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார், பிறகு மருந்து கொடு. நூறு வருடத்துக்குப் பிறகும் நம் கிளினிக்குகளில் நாம் கேட்கத் தவறும் கேள்வி அதுதான். மலேசியாவில் 2018 முதல் உள்ளூர் மனித மலேரியா கிடையாது, குரங்கிலிருந்து தொற்றும் வகை மட்டும் மிச்சமிருக்கிறது. செருப்பும் கக்கூஸும் புழுவைப் பெரும்பாலும் விரட்டிவிட்டன. சோகை மட்டும் போகவில்லை.

தோட்டத்துத் தமிழர் ஒரு விஷயத்தில் தப்பித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சீனத் தொழிலாளர்களைக் கொன்று குவித்த பெரிபெரி நோய் நம்மவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. காரணம் புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து 1907-இல் அதை எழுதினார். வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம். சோற்றுப் பானைக்குள் நோய்க்குக் காரணம் தேடிய உலகின் முதல் சோதனைகளில் ஒன்று இதே ஊரில் நடந்தது.

சோகையின் இன்னொரு முகத்தைக் கண்டுபிடித்தது லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. 1928-இல் பம்பாய்க்குப் போனார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த சோகையில் சிவப்பணுக்கள் ஊதிப் பெருத்திருந்தன. இரும்பு கொடுத்தும் பயனில்லை. 1929-இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வு, 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை. (திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்கிறோமே, அதுதான்.) கடைசியில் மலிவான ஈஸ்ட் சாறு ஒன்று அந்தப் பெண்களைத் தேற்றியது. அதுதான் மார்மைட். நம் வீட்டு அலமாரியில் கஞ்சிக்குத் துணையாக இருக்கும் அதே கறுப்புப் புட்டி. சீனக் கடையில் மார்மைட் கோழியாக வருவதும் அதுவே. அதிலிருந்த மர்மச் சத்தை 1941-இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரையின் பூர்வீகம் இது.

சரி, எதைச் சாப்பிடுவது? முதலில் சிவப்பு மோகத்தை விட வேண்டும். ரத்தம் சிவப்பு, மாதுளை சிவப்பு, பீட்ரூட் சிவப்பு. ஆகவே ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். நூறு கிராம் மாதுளையில் 0.3 மில்லிகிராம் இரும்பு. பீட்ரூட்டில் 0.8. பேரீச்சம்பழத்தில் ஒன்றைச் சுற்றி. ரத்தம் ஊறட்டும் என்று பேரீச்சம்பழம் மட்டும் தின்றால் ரத்தத்தில் சர்க்கரைதான் ஊறும். முருங்கைக்கீரை நல்லது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் நூறு கிராமுக்கு நாலரை மில்லிகிராம். கிள்ளானில் பின்சந்துக்குச் சந்து முருங்கை நிற்கிறது. காசும் கொடுக்க வேண்டாம். ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது நூற்றுக்கு 2 முதல் 20 வரை, பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான். மாமிசத்தில் ஹீமோகுளோபினோடு சேர்ந்தே வரும் இரும்பில் 15 முதல் 35 வரை சேர்ந்துவிடும். அதோடு பக்கத்திலிருக்கும் கீரையின் இரும்பையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போகும்.

இங்கே நம் பாட்டிகளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும், வயசுக்கு வந்தவளுக்கும் சுவரொட்டி வாங்கி வரச் சொன்னார்களே, அது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்களை உடைக்கிற உறுப்பு. நூறு கிராமில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் இரும்பு. கடையில் விற்கும் சாதாரண இறைச்சி எதுவும் அதன் கிட்டே வராது. இறைச்சிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுடச்சுட வதக்கினால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் தின்றுவிடும். கோழி ஈரல் இன்னும் மலிவு, 9 மில்லிகிராம். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும், வைட்டமின் ஏ அதிகம். மாட்டிறைச்சி தொடாத வீடுகளுக்கு இன்னொரு வழியும் இந்த ஊரில் இருக்கிறது: கோல சிலாங்கூர் சேற்றில் எடுக்கும் கெராங். பெரும்பாலான சிப்பிகளின் ரத்தத்துக்கு நிறமே இருக்காது. இந்தச் சிப்பியின் ரத்தமோ நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபினால் சிவந்தது. லக்சாவில் அரைவேக்காடாக மிதப்பதை ஒதுக்கிவிட்டு நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். இரும்புக்கு ஆசைப்பட்டு மஞ்சள்காமாலை வாங்கக் கூடாது.

சைவர்கள் இந்தப் பகுதியைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். உங்களுக்கு எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எதோடு சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிது. பருப்பிலும் அரிசியிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைக் கட்டிப் போட்டிருக்கும். ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்தால் கட்டு தளரும். இட்லி, தோசை, முளைப்பயறு, தெம்பே எல்லாம் அந்த வேலையைச் செய்பவை. கூடவே வைட்டமின் சி வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சாப்பிட்டதும் நாலு துண்டு கொய்யா, அல்லது கீரையின் மேல் பிழிந்த எலுமிச்சை, போதும். சூட்டில் இந்த வைட்டமின் அழியும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கியபிறகு பிழிய வேண்டும்.

மிளகாய் பற்றி ஒரு கெட்ட செய்தி. தாய்லாந்தில் இளம்பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. சாப்பாட்டில் 4 கிராம் அளவு மிளகாய் சேர்ந்தபோது இரும்பு சேர்வது 38 விழுக்காடு குறைந்தது. மஞ்சள் ஒன்றும் செய்யவில்லை. அதற்காக யாரும் மிளகாயை விடப்போவதில்லை, நானும் விடவில்லை.

விட வேண்டியது தேநீரை. அதுவும் சாப்பாட்டு வேளையில் மட்டும். தேயிலையின் துவர்ப்பு வயிற்றில் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. 1975-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் சோறும், உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்து இதைக் காட்டினார்கள். 1999-இல் சுவிஸ் ஆய்வாளர்கள் ரொட்டியோடு கறுப்புத் தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். இரும்பு சேர்வது 79 முதல் 94 விழுக்காடு வரை குறைந்தது. கொக்கோவுக்கும் கிட்டத்தட்ட அதே குணம். "நான் குடிப்பது பால் விட்ட தே" என்பவர்களுக்கும் அவர்கள் பதில் வைத்திருந்தார்கள்: பால் சேர்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை. எவ்வளவு உயரத்திலிருந்து இழுத்து ஆற்றினாலும் துவர்ப்பு துவர்ப்புதான். நல்ல செய்தி 2017-இல் லண்டனிலிருந்து வந்தது. 12 பெண்களிடம் சோதித்ததில், சாப்பாட்டோடு தேநீர் குடித்தபோது இரும்பில் 3.6 விழுக்காடு சேர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது தண்ணீர் குடித்த நாள் போலவே 5.7. ஒரு மணி நேரம்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் இலையை மூடிவிட்டு நடக்கத் தொடங்கினால் ஸ்காட் சாலை கந்தசாமி கோவிலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது தே குடிக்கலாம்.

கீரையையும் ஈரலையும் தேநீர் நேரத்தையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒளிக்கக் கூடாது. ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு வந்த பிறகு சாப்பாட்டால் மட்டும் ஏறாது. உணவு சரிவைத் தடுக்கும்; விழுந்தவரைத் தூக்க மாத்திரை வேண்டும். இரும்பு கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவர்கள் பாண்டு நோய்க்கு, அதாவது சோகைக்கு, தரும் அன்னபேதி செந்தூரத்தின் மூலப்பொருளான அன்னபேதி, ரசாயனத்தில் ஃபெரஸ் சல்ஃபேட். 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் உண்மையான இரும்பு ஏறக்குறைய 65 மில்லிகிராம். தண்ணீரோடு, முடிந்தால் வெறும் வயிற்றில். தே, காப்பி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை எதுவும் பக்கத்தில் வேண்டாம். மலம் கறுக்கும், அது பயப்பட வேண்டிய விஷயமில்லை. வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி வேறு வகை கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடுவதும் தவறு. வங்கிப் புத்தகம் நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது வேண்டும்.

அந்தக் காவலாளி ஹெப்சிடின் இங்கே மறுபடி வருகிறான். இன்று ஒரு மாத்திரை போட்டால் ஹெப்சிடின் ஏறி, மறுநாள் வரை வாசலைச் சாத்திவிடுகிறது. சூரிக் நகரத்து ஆய்வாளர்கள் 2017-இல் இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுத்தபோது 21.8 விழுக்காடு இரும்பு சேர்ந்தது. தினமும் கொடுத்தபோது 16.3. வயிற்று உபத்திரவமும் குறையலாம். கர்ப்பிணிகளும், எண் மிகக் கீழே போனவர்களும் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. உங்கள் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்தச் சிவப்பு மாத்திரை சிறு பிள்ளைகளுக்கு மிட்டாய் போலத் தெரியும். ஒரு கைப்பிடி தின்றால் உயிருக்கே ஆபத்து. சாமி மேடையிலும் சாப்பாட்டு மேசையிலும் வைக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டி சாட்ஸ்வர்த் என்று ஓர் ஊர். கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த இடம். அங்கேயும் பெண்களுக்கு இதே சோகை. ஆய்வாளர்கள் யோசித்தார்கள்: இந்த வீடுகளில் ஒரு வேளைகூடத் தவறாமல் உள்ளே போவது எது? கறி மசாலாத் தூள். இரண்டு வருடம் சில குடும்பங்களுக்கு இரும்பு சேர்த்த மசாலாவும், சிலவற்றுக்குச் சாதா மசாலாவும் கொடுத்தார்கள். எது யாருக்கு என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. ருசியும் மாறவில்லை. இரும்பு மசாலா போன வீடுகளில் இரும்புக் குறைச் சோகையுள்ள பெண்கள் 22 விழுக்காட்டிலிருந்து 5 ஆனார்கள். முடிவு 1989-இல் வெளிவந்தது. யாருக்கும் புத்திமதி சொல்லாமல், யாரையும் மாத்திரை விழுங்க வைக்காமல் நடந்த வேலை இது. கிள்ளானில் மசாலா அரைக்கும் நம்மவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு யோசிக்க மாட்டாரா என்று எனக்கொரு ஆசை.

கடைசியாக, எல்லாச் சோகையும் இரும்புச் சோகை இல்லை. தலசீமியா மரபைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணு சிறுத்து, ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தே இருக்கும். இரும்பு பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். மேலும் கொட்டினால் கெடுதல்தான். 2016-இல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அரசே தலசீமியாச் சோதனையைத் தொடங்கியது. பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட யோசிக்காதீர்கள். இனிப்புநீருக்கு வருடக்கணக்கில் மெட்ஃபோர்மின் சாப்பிடும் பெரியவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவராக இருந்தால் இன்னும் விரைவில். கால் மரத்துப்போவதைச் சர்க்கரை என்று விட்டுவிடுவோம், பி12-ஆகவும் இருக்கலாம். சிறுநீரகம் பழுதானால் ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனே குறைந்துவிடும். வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியும் இரும்பைக் குறைக்கும். இந்த நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அது கூடுதல் என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகள் பல முறை காட்டிவிட்டன. ஓர் ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் டானிக் வாங்கிக் கொடுத்து அனுப்பக் கூடாது. மூலமா, புண்ணா, குடலில் கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும்.

என் கணக்கில் இருந்த ஓட்டை மாதவிலக்குதான். கர்ப்பப்பையில் கட்டி, ஸ்கேனில் தெரிந்தது. அதற்கு வைத்தியம், ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, தே பத்து மணிக்கு. ஐந்தாவது மாதம் 12.2.

அந்த அலுவலகப் பெண் இதைப் படிக்கிறாளோ என்னவோ. படித்தால், தங்கச்சி, மாத்திரையைத் தண்ணீரோடு போடு. அடுத்த முறை கிளினிக்கில் கை நீட்டும்போது ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். அதைவிட முக்கியமாக, ரத்தம் ஏன் குறைகிறது என்று டாக்டரிடம் வாய் திறந்து கேள். உன் வீட்டுப் பெரியவர்களையும் கேட்கச் சொல்.